இடது கதவில் இருமல்

என் காரின் இடது முன் கதவுக்கு ஆறு மாசமாக இருமல்.

விளையாட்டில்லை ஸார். பாட்டுப் போட்டால் பல்லவி வரை ஒழுங்காக இருக்கும். தபேலா நுழைந்ததும் ‘க்ர்ர்ர்... க்ர்ர்ர்’ என்று பழைய பீடி ஆசாமி மாதிரி தொண்டையைச் செருமும். பள்ளத்தில் வண்டி இறங்கினால் கூடுதலாக ஒரு கமறல். பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கள் கதவுக்குள் பூனை மாட்டிக் கொண்டிருக்கிறதோ என்று குனிந்து பார்ப்பார்கள்.

நான் கம்பத்துக்காரன். ஆபீஸ் தேனியில். போக 40 கிலோமீட்டர், வர 40 கிலோமீட்டர். ஆபீஸ் சகாக்கள் இரண்டு பேர் பெட்ரோலில் பங்கு போடுவதால் கார் கட்டுப்படியாகிறது. உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று தினம் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ரோட்டில். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும். ஆபீஸில் மானேஜர் பேசுவார், வீட்டில் மற்றவர்கள் பேசுவார்கள். நடுவில் ராஜா பாடிக் கேட்க எனக்கு வாய்த்த ஒரே இடம் இந்தக் கார்தான்.

ராஜா என்றால் எங்கள் பக்கத்தில் விளக்கம் வேண்டாம். 1943-ல் பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கச்சேரி செய்து, 1976-ல் ‘அன்னக்கிளி’, 2025 மார்ச் 8-ல் லண்டனில் சிம்பொனி என்று போனவர். லண்டன்காரன் ஹாலில் உட்கார்ந்து கேட்டான். அவர் பிறந்த அதே பள்ளத்தாக்கில் வண்டி ஓட்டிக் கொண்டு, அவருடைய பேஸ் கிடாரை ‘க்ர்ர்ர்’ என்று கேட்பதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைப் பிரித்தேன். உள்ளே இருந்த கம்பெனி ஸ்பீக்கரைப் பார்த்தால் பரிதாபமாக இருந்தது. ஒற்றைக் காகிதக் கோன். அதன் நடுவில் இன்னொரு குட்டிக் காகிதக் கோன், மேல் ஸ்தாயிக்காக. பின்னால் பருப்பு வடை அளவுக்கு ஒரு காந்தம். பன்னிரண்டு வருஷ வெயிலிலும் சாரலிலும் காகித ஓரம் கிழிந்து தொங்கியது. கம்பெனிக்காரனைக் குறை சொல்லக் கூடாது. லட்சக்கணக்கில் வண்டி செய்கிறவன், ஒரு ஸ்பீக்கரில் 100 ரூபாய் மிச்சம் பிடித்தால் எத்தனை கோடி என்று கணக்குப் போடத்தானே செய்வான்!

மாற்றுவது என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டு நிதி மந்திரி 6,000 ரூபாய் ஒதுக்கினாள். “அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. பாட்டுத்தானே, கொஞ்சம் இருமிட்டுப் பாடட்டுமே” என்றாள்.

* * *

எடுத்த எடுப்பில் தப்புப் பண்ணினேன்.

ரோட்டோரக் கடை ஒன்றில் ஒரு பையன், “அண்ணே, இது 600 வாட்ஸ். மாட்டுனீங்கன்னா டிக்கி தனியாக் கழண்டு வரும்ணே” என்றான். டிக்கி கழன்று வருவது ஒரு நல்ல விஷயம் என்று அந்த நிமிஷம் எனக்கு ஏன் தோன்றியது என்பது இன்றுவரை விளங்கவில்லை. 1,900 ரூபாய் கொடுத்து, முட்டை வடிவத்தில் ஒரு ஜோடி வாங்கி, பின் கண்ணாடிக்குக் கீழே பலகையில் மாட்டிக் கொண்டு ஊர்வலமாக வந்தேன்.

இந்த வாட்ஸ் சமாசாரத்தை இளைஞர்கள் ஒரு தரம் புரிந்து கொள்வது நல்லது. தொண்ணூறுகளில் டூ-இன்-ஒன் வாங்கியவர்களுக்கு ஞாபகமிருக்கும். டப்பா மேல் ‘1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு தரம், பேப்பர் கணக்கில் மட்டும் வந்து போகிற சக்தி அது. நிரந்தரமாக ஓடக்கூடிய சக்திக்கு ஆர்.எம்.எஸ். என்று பெயர். அதை டப்பாவின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருப்பான், அல்லது போட்டே இருக்க மாட்டான். முன்னது நேர்முகத் தேர்வில் சொல்கிற சம்பளம், பின்னது கைக்கு வருகிற சம்பளம்.

நீங்களே பரிசோதிக்கலாம். என் கார் பிளேயர் மேல் ‘50 வாட்ஸ் × 4’ என்று இருக்கிறது. ஆக 200 வாட்ஸ். கழற்றிப் பின்னால் பார்த்தால் ஃப்யூஸ் 10 ஆம்பியர். வண்டி ஓடும்போது பாட்டரி சுமார் 14 வோல்ட். பத்தும் பதினாலும் பெருக்கினால் 140. வண்டியிலிருந்து 140 வாட்ஸுக்கு மேல் வாங்கவே முடியாத டப்பா, 200 வாட்ஸ் எப்படி வெளியே தரும்? நிஜத்தில் ஒரு ஸ்பீக்கருக்கு 15, 20 வாட்ஸ் வந்தால் அதிகம். இதற்கு 600 வாட்ஸ் ஸ்பீக்கர் மாட்டுவது, ஒரு ஆழாக்கு அரிசிக்குக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுகிற மாதிரி.

அன்று சாயங்காலம் அப்பாவைக் காரில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிஷம் கேட்டார்.

“பாடுறது ஆம்பளையா பொம்பளையான்னே தெரியலையேடா. பின்னாடி யாரோ உரல்ல இடிக்கிறாக.”

இறங்கிப் போய்விட்டார்.

* * *

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பம் சுற்று வட்டாரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ரேடியோ செட் போட்டவர். கல்யாணம், காது குத்து, பூப்பு நீராட்டு, திருவிழா, தேர்தல் எதுவானாலும் சைக்கிளின் பின்னால் குழாயைக் கட்டிக் கொண்டு கிளம்பிவிடுவார். புளிய மரத்தில் ஏறிக் குழாய் கட்டி, ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே ஜமுக்காளம் விரித்து, விடிய விடிய ரெக்கார்டு மாற்றுவார். ராத்திரி 10 மணிக்கு மேல் நிறுத்து என்கிற சட்டமெல்லாம் 2000-ல்தான் வந்தது. அன்னக்கிளி ரெக்கார்டு தன் கையிலேயே மூன்று தேய்ந்து போனது என்பார்.

அவரிடம் 600 வாட்ஸைப் பற்றிப் பெருமையாகச் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தார்.

“நான் வச்சிருந்தது முப்பது வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர், ரெண்டு குழாய். அம்புட்டுத்தேன். காமயகவுண்டன்பட்டில கட்டுனா காத்து வாக்குக்கு சுருளிப்பட்டி வரைக்கும் கேக்கும். வாட்ஸா முக்கியம்?”

அவர் சொன்னது சத்தியம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் வருகிறது என்பதற்கு ஸென்ஸிட்டிவிட்டி என்று பெயர். டெசிபலில் சொல்வார்கள். சாதாரணக் கார் ஸ்பீக்கருக்கு 88 இருக்கும். குழாய்க்கு 108-ஐத் தொடும். இருபதுதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். டெசிபல் கணக்கில் 3 கூடினால் இரண்டு மடங்கு சக்தி, 10 கூடினால் பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு. குழாய் ஒரு வாட்டில் செய்கிற வேலைக்கு என் ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் வேண்டும். ஆகவே பட்ஜெட்காரர்கள் டப்பாவில் வாட்ஸைத் தேடாமல் டெசிபலைத் தேடுங்கள். 91, 92 என்று போட்டிருந்தால், தனி ஆம்ப்ளிஃபயர் செலவில்லாமல் கம்பெனி பிளேயரே போதும்.

இவ்வளவு தெரிந்தவர் என் காரில் வருவதை ஏனோ ஒரு வருஷமாகக் குறைத்துக் கொண்டே வந்தார். “தேனிக்கு வாங்களேன்ப்பா” என்றால் “நீ போய்ட்டு வா” என்பார். அப்படியே வந்தாலும் பேச்சு சரியில்லை. “டீ குடிக்கலாமா, நேரா வீட்டுக்குப் போயிரலாமா?” என்று கேட்டால் “ஆமா” என்பார். எதற்கு ஆமா? வீட்டில் டி.வி.யைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைப்பார். நான் கத்துவேன். அவர் ரிமோட்டை வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார். வயசானால் பிடிவாதம் என்று நானே ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

* * *

முட்டை ஸ்பீக்கரைக் கழற்றிப் பரணில் போட்டேன். இந்தத் தடவை தேனியில் ஒரு நிதானமான மெக்கானிக் கிடைத்தார். “அண்ணே, பின்னாடி இப்ப வேணாம். நீங்க முன்னாடி உக்காந்துதானே ஓட்டுறீங்க? முன்கதவு ரெண்டை மட்டும் ஒழுங்காச் செய்வோம்” என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதிப் பணம் மிச்சம்.

அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

முதலில் அளவு. பழசைக் கழற்றி வட்டத்தை அளந்தார், ஆறரை அங்குலம். அதோடு விடாமல் ஆழத்தையும் அளந்தார். புது ஸ்பீக்கரின் காந்தம் பெரிசு. கண்ணாடியை இறக்கினால் அது காந்தத்தில் போய் ‘டொக்’ என்று முட்டும். கண்ணாடியை முழுக்க இறக்கி வைத்து அளக்க வேண்டும். இதைச் செய்யாமல் வாங்கிவிட்டு வாழ்நாள் முழுக்க முக்கால் கண்ணாடி இறக்கி ஓட்டுகிற ஒருவர் எங்கள் ஆபீஸிலேயே இருக்கிறார்.

இரண்டாவது, ரகம். ட்வீட்டரும் பெரிய கோனும் ஒன்றாகவே இருப்பது கோ-ஆக்ஸியல். இரண்டும் தனித்தனியாக, நடுவில் அலைவரிசை பிரிக்கிற கிராஸ்ஓவரோடு வருவது காம்பொனென்ட். இரண்டாவது உசத்திதான். ஆனால் விலை ஏறும், ட்வீட்டருக்கு இடம் தேட வேண்டும். எனக்கு கோ-ஆக்ஸியல் போதும் என்றார். ஒரு ஜோடி 2,800 ரூபாய். நாலு ஓம். நம் பிளேயருக்கு அதுதான் பொருத்தம்.

மூன்றாவதுதான் முக்கியம், கதவு. ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்னால் வருகிற சத்தமும் பின்னால் போகிற சத்தமும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். கதவுத் தகட்டில் நாலைந்து பெரிய ஓட்டைகள் இருக்கும். அவற்றின் வழியாகப் பின்சத்தம் முன்னால் வந்து சந்தித்தால், இரண்டும் அடித்துக் கொண்டு மடிந்துவிடும். முதலில் சாவது பேஸ். ஆயிரம் ரூபாய் ஸ்பீக்கரானாலும் பத்தாயிரம் ரூபாய் ஸ்பீக்கரானாலும் ஓட்டைக் கதவில் மாட்டினால் ஒன்றுதான். ஓட்டைக் குடத்தில் காவிரித் தண்ணி பிடித்தால் என்ன, முல்லைப் பெரியாறு பிடித்தால் என்ன?

ஆகவே, ஆசாரியிடம் சொல்லிப் பன்னிரண்டு மில்லி மெரைன் பிளைவுட்டில் இரண்டு வளையம் வெட்டி, பெயின்ட் அடித்து, கதவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைத்து இறுக்கினார். 300 ரூபாய். (எம்.டி.எஃப். பலகை வேண்டாம். எங்கள் ஊர்ச் சாரலுக்கு அது பொரி மாதிரி உப்பிவிடும்.) கதவுத் தகட்டில் ஒரு பக்கம் அலுமினியமும் மறு பக்கம் பசையும் உள்ள டேம்பிங் ஷீட்டை ஒட்டி, ஓட்டைகளையும் மூடினார். 1,200 ரூபாய். கதவின் அடியில் உள்ள சின்னச் சின்ன ஓட்டைகளை மட்டும் தொடவில்லை. கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்குகிற மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அதையும் அடைத்தால் ஒரே மழைக்காலத்தில் கதவு மீன் தொட்டியாகி, மறு வருஷம் துருவாகிவிடும்.

கம்பெனி வயரை வெட்டவில்லை. இரண்டு பக்கமும் பொருந்துகிற அடாப்டர் போட்டார், 300. நுரை டேப் 100. கூலி 500. மொத்தம் 5,200. பரணில் தூங்குகிற முட்டை ஜோடி 1,900. கூட்டினால் 7,100. பட்ஜெட்டில் துண்டு 1,100. இதை வீட்டில் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையை வீட்டில் வாங்குகிறார்கள் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

* * *

மாட்டி முடித்து, சாமி கும்பிட்டுவிட்டுப் போட்டேன்.

பேஸே இல்லை!

இருமல் போயிருந்தது, வாஸ்தவம். கூடவே தபேலாவும் போயிருந்தது. குரல் நடுவில் நிற்காமல் எங்கோ அந்தரத்தில் மிதந்தது. பழைய கிழிந்த காகிதத்திலாவது ஒரு ‘தும்’ இருந்தது. மெக்கானிக் கடை சாத்திவிட்டுப் போயிருந்தார். கம்பம் வரை வயிற்றெரிச்சலோடு ஓட்டி வந்தேன்.

வாசலில் நின்று புலம்பிக் கொண்டிருந்தேன். அப்பா திண்ணையிலிருந்து, “என்னடா?” என்றார். சொன்னேன். காதில் விழவில்லை போலிருக்கிறது. இன்னொரு தரம் கத்திச் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய், டி.வி. ரிமோட்டைத் திறந்து ஒரு பென்சில் செல்லை எடுத்துக் கொண்டு வந்தார். கையில் இரண்டு துண்டு வயர்.

“கதவைப் பிரி.”

பிரித்தேன். ஸ்பீக்கர் பிளக்கைக் கழற்றச் சொன்னார். கம்பெனி வயரில் பிளஸ் வருகிற முனையில் செல்லின் பிளஸ், மைனஸ் முனையில் மைனஸ். ஒரு நொடிதான் தொட்டார். ‘டப்’ என்றது.

“கோன் வெளிய வந்துச்சா, உள்ள போச்சா?”

“வெளிய வந்துச்சுப்பா.”

“சரி. அங்கிட்டு வா.”

வலது கதவிலும் அதே மாதிரி தொட்டார். ‘டப்’.

“உள்ள போச்சுப்பா.”

“அப்புடிச் சொல்லு! ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது. மாமியாரும் மருமகளும் மாதிரி. வீடு வெளங்குமா? வயரை மாத்திக் குடு.”

அவ்வளவுதான் விஷயம். ஒரு பக்கம் பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் இரண்டு ஸ்பீக்கரும் எதிர் எதிராக வேலை செய்யும், தாழ்ந்த ஸ்தாயி அடிபட்டுப் போகும். வெளியே வாங்குகிற பிளேயர்களில் வெள்ளை இடது முன், சாம்பல் வலது முன், பச்சை இடது பின், ஊதா வலது பின், கறுப்புக் கோடு போட்டது மைனஸ் என்று ஒரு பொது வழக்கம் உண்டு. காரோடு வருகிற வயர்களுக்கு அந்த வழக்கம் கிடையாது, கம்பெனிக்கு ஒரு வர்ணம். மெக்கானிக் கண்ணை நம்பினார். அப்பா பென்சில் செல்லை நம்பினார். கோவில் வாசலில் இரண்டு குழாயையும் ஒரே பக்கம் பார்த்துக் கட்டும்போது இப்படித்தான் சோதிப்பாராம்.

வயரை மாற்றிப் போட்டேன். ‘தும்’ என்று விழுந்தது தபேலா. என் முட்டியில் அதிர்ந்தது. பேஸ் கிடார் பாட்டுக்குள் தன் பாட்டுக்குத் தனியாக ஒரு பாட்டுப் பாடிக் கொண்டு போனது. இத்தனை வருஷம் கேட்ட பாட்டில் இவ்வளவு இருந்ததா! கண் கலங்காத குறை.

“எப்புடி இருக்குப்பா?”

அப்பா இடது சீட்டில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“தாளம் நல்லா இருக்கு. ட்ரெபிள் கம்மியா இருக்கு. கூட்டு.”

கூட்டினேன்.

“இன்னும்.”

இன்னும் கூட்டினேன். ஜால்ரா சத்தம் காதைக் குத்தியது.

“இன்னும் வையேன்டா.”

கடைசிப் புள்ளி வரை வைத்தாயிற்று. எனக்குப் பல் கூசியது. வாசலில் நின்றிருந்த என் மகள் இரண்டு காதையும் பொத்திக் கொண்டாள். அப்பா இன்னும் காத்துக் கொண்டிருந்தார், அடுத்ததாக ஏதோ வரப் போகிறது என்று.

“வச்சாச்சாடா?”

நான் பிளேயரைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன். முப்பது வருஷம் குழாய்க்குப் பக்கத்தில் ஜமுக்காளம் விரித்துப் படுத்த மனுஷன்.

“வச்சாச்சுப்பா” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஸ்பீக்கரை நோக்கிக் கையை நீட்டி, ட்வீட்டர் இருக்கிற இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: “அப்ப ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு.”

* * *

மறு வாரம் லீவு போட்டு க.விலக்கு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கிராஃப் போட்டுக் கொடுத்தார்கள். தாழ்ந்த ஸ்தாயியில் கோடு சமமாக வந்து, 2,000 ஹெர்ட்ஸ் தாண்டியதும் சுருளி அருவி மாதிரி கீழே விழுந்திருந்தது. 4,000-த்தில் ஒரு தனிப் பள்ளம். பெருஞ்சத்தத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்த இடத்தில்தான் முதலில் பள்ளம் விழும் என்றார் டாக்டர். மீதி வயசு.

உள்காதில் சத்தத்தை வாங்கி நரம்புக்குக் கொடுக்கிற நுண்ணிய ரோம செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15 ஆயிரம் இருக்கின்றன. உச்ச ஸ்தாயி செல்கள் வாசலிலேயே இருப்பதால் முதல் அடி அவற்றுக்கு. செத்தது திரும்ப முளைக்காது. உச்ச ஸ்தாயி போனால் ஜால்ரா மட்டும் போவதில்லை, பேச்சில் ச, த, ப, க எல்லாம் மங்கிவிடும். உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து கேட்காது. யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. ஓடுகிற கார் இரைச்சலில் சுத்தம். அதனால்தான் எல்லாவற்றுக்கும் ‘ஆமா’. அதனால்தான் கார் வேண்டாம், திண்ணை போதும். நான் எழுதி வைத்திருந்த ‘பிடிவாதம்’ என்கிற தீர்ப்பை அங்கேயே கிழித்துப் போட்டேன்.

புது ஸ்பீக்கர் மாட்டப் போகிற தம்பிகளுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராய்கிற நியாஷ் என்கிற அரசு நிறுவனம் சொல்வது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 100-க்கு வெறும் 15 நிமிஷம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.ஸி. போட்டு, வால்யூமைத் திருகினால் கார் லேசாக நூறைத் தொடும். எங்கள் ஊரில் 15 நிமிஷத்துக்குச் சின்னமனூர் தாண்ட முடியாது. நல்ல ஸ்பீக்கரின் அடையாளமே, குறைச்ச சத்தத்தில் எல்லாம் கேட்பதுதான். சத்தம் கூட்டினால்தான் நன்றாக இருக்கிறது என்றால் கதவைப் பாருங்கள். கதவு சரியென்றால், காதைப் பாருங்கள்.

* * *

சில வாரங்களில் அப்பாவுக்குக் காதொலிக் கருவி வந்தது. முதல் நாள் மாட்டிக் கொண்டு, மிக்ஸி ஓடியதும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். பேரப்பிள்ளை பேசுவதற்காகத் திரும்ப மாட்டினார். மெள்ள மெள்ளப் பழகிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை தானாகவே வந்து இடது சீட்டில் உட்கார்ந்தார். லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் வரை ஒரு சுற்று. ட்ரெபிளை நடுவில் வைத்து ராஜாவைப் போட்டேன். தாளத்துக்குத் தொடையில் தட்டிக் கொண்டே வந்தார். இரண்டாவது பாட்டில் திடீரென்று, “நிறுத்து, நிறுத்து” என்றார்.

பதறிப் போய்ப் பாட்டை நிறுத்தினேன். ஆயிற்று, 7,100 ரூபாய் ஸ்பீக்கரில் ஏதோ பழுது கண்டுபிடித்துவிட்டார்.

“அது என்னடா, டிக் டிக்குன்னு?”

பார்த்தேன். மண்டபத்துக்குத் திரும்புவதற்காக இண்டிகேட்டர் போட்டிருந்தேன்.

“இண்டிகேட்டர்ப்பா. திரும்புறப்ப அடிக்கும்.”

“எப்பவுமே அடிக்குமா?”

“எப்பவுமே.”

கொஞ்ச நேரம் பேசாமல் அந்த டிக் டிக்கைக் கேட்டுக் கொண்டிருந்தார். நான் திருப்பத்தைத் தாண்டியும் இண்டிகேட்டரை நிறுத்தவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். தொண்டையில் ஏதோ அடைத்தது.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

“ஏன்டா, அப்ப கம்பம் பஸ் ஸ்டாண்டுகிட்ட திரும்புனப்ப இந்தச் சத்தம் கேக்கலையே?”